சாக்குக்குக் கழித்தது போக

பெற்ற பிள்ளை வீட்டுக்கு வந்து, ஒரு வாய் தண்ணீரைக்கூட விழுங்கமாட்டேன் என்றால் எந்தத் தாய்க்குத்தான் எரிச்சல் வராது? மீனம்மாவுக்குக் காலையிலிருந்தே பற்றிக்கொண்டு வந்தது. இவனுக்கென்றே வளர்த்த சேவல் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. தின்ன வேண்டியவனோ மழைக்கோட்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் சட்டையை மாட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கும் கோயில் மேட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தான்.

"வாயக் கொப்புளிச்சித் துப்புறான் சண்முகவடிவு. முழுங்கவே மாட்டேங்கிறான்" என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரியிடம் முறையிட்டாள். "பேய் புடிச்சவன்கூட தண்ணி குடிப்பான்."

துஷாந்த் ஒன்றும் வீம்புக்கு அப்படிச் செய்யவில்லை. மறுநாள் காலை நுவரெலியாவில் அவனை எடை போடுவார்கள். அதற்கு அடுத்த நாள் குத்துச்சண்டை. ஜெயித்தால் சாம்பியன் பெல்ட்டு. எடை ஐம்பத்தேழு கிலோவுக்கு மேல் கொஞ்சம் கூடினாலும் மேடையில் ஏற விடமாட்டார்கள். பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் முன்னாலேயே நுவரெலியாவுக்குப் போய்விட்டார். போகிற வழிதானே, ஒரு ராத்திரி வந்துவிட்டுப் போ என்று போனில் உயிரை வாங்கியது மீனம்மாதான். எடை விஷயத்தை அவன் வந்ததும் மூன்று தரம் விளக்கிச் சொன்னான். மூன்று தரமும் அவளுக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய, மனசு கேட்க வேண்டுமே!

கேட்காததற்குக் காரணம் இருந்தது. அவள் புருசன் அழகுமுத்து, மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது குளவி கொட்டிச் செத்துப்போனான். அப்போது துஷாந்துக்கு ஏழு வயது. அதன் பிறகு அவள் ஒருத்தி எடுக்கிற கொழுந்தில்தான் அடுப்பு எரிந்தது. அந்தக் கொழுந்தையும் முழுசாகக் கணக்கில் ஏற்றினார்களா என்றால் அதுவும் இல்லை. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் சாக்குக்கு ஒரு கிலோ, இலையில் ஒட்டின தண்ணிக்கு ஒரு கிலோ, முற்றின இலைக்கு அரைக் கிலோ என்று கணக்கப்பிள்ளை வாயாலேயே கழித்துக்கொண்டே போவார். கழித்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு எடுக்கச் சொன்ன கிலோவுக்கு எப்போதும் கொஞ்சம் குறையும். குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். அரைப் பேர் வாங்கிய நாட்களில் ஒரு ரொட்டியைத் தட்டிப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, "நான் மலையிலேயே தின்னுட்டேன்டா" என்பாள். அவனும் நம்பிக்கொண்டிருந்தான். அது பொய் என்று தெரிந்துகொண்ட வருசம், பன்னிரண்டு வயதில், கொழும்பில் தேங்காய்க் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அந்தக் கடைக்குப் பின்னால் ஒரு குத்துச்சண்டைக் கூடம் இருந்தது. மூட்டை இறக்கி முடித்து எட்டிப் பார்க்கப் போனவன், கூட்டிப் பெருக்கினான், வாளியில் தண்ணீர் தூக்கினான், அடி வாங்கினான், பிறகு அடிக்கக் கற்றுக்கொண்டான். இன்றைக்குப் பக்கத்து டவுனான நோர்வூட் கடைத்தெருவில் அவன் படம் போட்ட போஸ்டர் ஒட்டியிருக்கிறது. அதிலும் விலா எலும்பு தெரிகிறது என்பதுதான் மீனம்மாவின் குறை.

"சின்னதுல திங்கிறதுக்கு இல்லாம பட்டினி கெடந்தான். இப்ப இருந்தும் பட்டினி கெடக்குறான். இவன் தலையில என்னதான் எழுதியிருக்கோ!"

பையிலேயே தராசு ஒன்று கொண்டுவந்திருந்தான். கண்ணாடி வைத்த, தரையில் போட்டு ஏறி நிற்கிற தராசு. அவன் முகம் கழுவப் போன நேரத்தில் சண்முகவடிவும் அவள் நாத்தனாரும், இடுப்பில் பிள்ளையோடு, ஒன்றாக அதில் ஏறி நின்று போட்டோ பிடித்தார்கள். சடக்கென்று ஒரு சத்தம், அத்தோடு தராசின் கதை முடிந்தது. "நாங்க மெதுவாத்தானே ஏறுனோம்" என்றாள் சண்முகவடிவு. துஷாந்த் தலையில் அடித்துக்கொண்டான். தோட்டத்து மருந்தகத்தில் ஒரு தராசு உண்டு. ஞாயிற்றுக்கிழமை, அது பூட்டிக் கிடந்தது. இந்த லட்சணத்தில் எடை ஏறியதா இறங்கியதா என்று தெரியாமலே அவன் பகல் முழுக்க ஓடினான்.

மத்தியானம் சாய்கிற நேரத்தில் வந்தானே ஒரு வரவு! முகமெல்லாம் பல்லாக, வாசல் இஸ்தோப்பில் செருப்பை உதறிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"ம்மா, சோத்தப் போடு!"

மீனம்மாவுக்குக் காதை நம்ப முடியவில்லை. "நெசமாவாடா?"

"ஒன்றரைக் கிலோ கொறஞ்சி நிக்கிறேன்ம்மா. அம்பத்தஞ்சரை! இந்த மலையில ஏறி ஓடுனதுல எறங்கிருச்சி. நல்லா சாப்புட்டாலும் நாளைக்குத் தாங்கும். போடு, போடு, கொழம்ப அள்ளி ஊத்து."

அவனாகச் சோறு கேட்டு எத்தனையோ வருசமாகிவிட்டது. அவள் கை பரபரத்தது. தட்டில் சோற்றை மலையாகக் குவித்தாள். சேவலின் காலை அப்படியே எடுத்து வைத்தாள். குழம்பு ஊற்றினாள். சட்டிக்குள் அகப்பையை மறுபடி விட்டபடி, சந்தோசத்தில் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"எங்கடா எடை பாத்த?"

"மடுவத்துலதாம்மா. இன்னைக்கும் கொழுந்து எடுக்குறாங்களே, தொறந்திருந்திச்சி. இப்ப புது மெசினு வச்சிருக்காங்களே, நம்பர் லைட்டுல எரியுது! கணக்கப்பிள்ள கணேசமூர்த்தி ஐயாவே ஏத்திவிட்டாரு. தோள்ல கையப் போட்டு போட்டோவும் புடிச்சிக்கிட்டாரு."

அகப்பை சட்டியிலேயே நின்றுவிட்டது.

அந்த மெசின் வந்தது துஷாந்த் கொழும்புக்குப் போன பிறகு. அதைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? மெசின் வந்தால் களவு ஒழியும் என்று லயத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். வந்த மெசினோ, கணக்கப்பிள்ளை வாயால் கழித்ததையெல்லாம் தனக்குள்ளேயே கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் காட்டியது. சாக்குக்கு, தண்ணிக்கு, முற்றின இலைக்கு, எல்லாம் சேர்த்து இரண்டரைக் கிலோ. எதை ஏற்றினாலும் கழிக்கும். பிரிக்காத அஞ்சு கிலோ மாவுப் பையை வைத்துப் பெண்களே சோதித்துப் பார்த்து, சண்டை போட்டு, ஓய்ந்தும் போய்விட்டார்கள்.

துஷாந்த் சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டான். குழம்பு வாசனையில் அவன் கண் பாதி மூடியிருந்தது. சின்ன வயதில் அரிசிச் சோறு ஆக்கும் நாட்களில் இருந்த அதே முகம். பேசாமல் இருந்துவிடலாமா என்று மீனம்மாவுக்குத் தோன்றியது. தோன்றத்தான் செய்தது, அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஒரு தட்டுச் சோறு. பிள்ளை வயிறு நிறைகிறதை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். பெல்ட்டு கிடக்கட்டும், பெல்ட்டைத் தின்னவா முடியும்?

அவன் கவளத்தை உருட்டி வாய்க்குக் கொண்டு போனான். அவள் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மற்றக் கையால் தட்டை இழுத்தாள்.

"என்னம்மா இது!" துஷாந்த் கத்தினான். "காலையில இருந்து சாப்புடு சாப்புடுன்னு உசுர எடுத்த. இப்ப வாய்க்கு வந்தத தட்டிப் பறிக்கிற?"

"நீ அம்பத்தஞ்சரை இல்லடா. அம்பத்தெட்டு."

"மெசினு பொய்யா சொல்லும்?"

"சொல்லும்டா! சாக்குக்கும் தண்ணிக்கும் ரெண்டரைக் கிலோ கழிச்சித்தான் காட்டும். கணேசமூர்த்திக்கு போட்டோ புடிக்கிற அவசரம், அதைச் சொல்லத் தோணல." வருவது கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "அந்த மடுவத்துல என்னைக்காச்சும் உள்ளத உள்ளபடி நிறுத்திருந்தா நான் உன்னய பன்னண்டு வயசுல தேங்கா மூட்ட தூக்க அனுப்பியிருப்பனா? அவிங்க தராசுல போயா என் புள்ள நீ ஏறி நின்ன?"

துஷாந்த் கையிலிருந்த கவளத்தைப் பார்த்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அதைத் தட்டிலேயே போட்டுவிட்டுக் கையைக் கழுவினான். பிளாஸ்டிக் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு கோயில் மேட்டைப் பார்த்து ஓடினான். மீனம்மா குழம்புச் சட்டியை மூடி வைத்தாள். அவளுக்கும் அதற்குப் பிறகு ஒன்றும் இறங்கவில்லை.

மறுநாள் விடிய முதல் பஸ்ஸில் இருவரும் போனார்கள். அவள் மடியில் டிபன் கேரியர். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான், அவள் கேட்கிற ஆளா? நுவரெலியா மண்டபத்தில் கூட்டம், கேமரா, கோட்டுப் போட்ட ஆட்கள். துஷாந்த் உள்ளாடையோடு தராசில் ஏறினான். கன்னம் ஒட்டி, உதடு வெடித்திருந்தது. அதிகாரி குனிந்து பார்த்து, சிங்களத்திலும் இங்கிலீசிலும் உரக்கச் சொன்னார். ஐம்பத்தேழு. மண்டபம் கை தட்டியது.

மீனம்மா கை தட்டவில்லை. சொன்னதற்குப் பிறகு இன்னும் ஏதாவது சொல்வார்களா என்று அந்த ஆளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் எழுதி முடித்து அடுத்தவனைக் கூப்பிட்டுவிட்டார்.

துஷாந்த் இறங்கி நேரே அவளிடம் வந்தான்.

"எவ்வளவுடா?"

"சரியா அம்பத்தேழும்மா."

"சாக்குக்குக் கழிச்சாங்களா?"

"இல்லம்மா."

"தண்ணிக்கு?"

"ஒன்னும் கழிக்கல. உள்ளதுதான்."

மீனம்மா கேரியரின் மூடியைத் திறந்தாள்.

"அப்ப சாப்புடு."