வலக்காது

நெல் லொறி ஒன்றில் தொற்றிக்கொண்டு முல்லைத்தீவிலிருந்து விடியும் நேரத்தில் வந்து சேர்ந்த மீராசாகிபு, செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பிரேதத்தின் இடப்பக்கம் போய் உட்கார்ந்தார். குனிந்து, வீரகத்தியின் இடது காதுக்குள் என்னவோ சொன்னார். வலப்பக்கம் இருந்த கமலாசனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றுப் பின்னேரம் வயல் வரம்பில் சரிந்து செத்துப்போன புருசனோடு இந்த மனிசனுக்கு இன்னும் இரகசியம்.

நெஞ்சில் யாரோ மெடலைக் குத்திவிட்டிருந்தார்கள். அது கோணிக் கிடந்ததையும் மீராசாகிபுதான் கண்டு நிமிர்த்தினார்.

இருபது வருடத்துக்கு முன், யுத்தகாலத்தில், இரண்டு பேரும் வெள்ளைக்காரனின் படையில் ஒரே பீரங்கியில் நின்றவர்கள். திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று கூட நின்ற மூன்று பேர் செத்தும் வீரகத்தி பீரங்கியை விட்டு அசையவில்லையாம். எல்லாம் ஓய்ந்த பிறகு, காலில் காயப்பட்ட மீராசாகிபுவைத் தோளில் சுமந்துகொண்டு வந்தாராம். மெடல் அதற்குத்தான். வீரகத்திக்கு ஒரு காது செவிடாகிப் போனதும் அன்றுதான். இதெல்லாம் ஊரார் சொல்லி அவளுக்குத் தெரிந்தவை. புருசன் வாயால் ஒரு சொல் வந்ததில்லை. அக்கராயனில் கிடைத்த காணியில் காடு வெட்டி, பதினாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு மெடலைத் துடைத்து அலுமாரியில் வைக்கிற வேலைதான் கிடைத்தது.

மீராசாகிபு வருடத்துக்கு இரண்டு தரம் கருவாட்டுப் பொட்டலத்தோடு வருவார். வந்தால் வீரகத்தி வேறு ஆள். பாலை மரத்தடியில் கதிரை போட்டு இருவரும் மெதுவாகக் கதைப்பார்கள். வீரகத்தி வயிறு குலுங்கச் சிரிப்பார். அவள் தேத்தண்ணி கொண்டுபோனால் கதை நின்றுவிடும்.

அவளுக்கு அந்தச் சிரிப்பில் ஒரு துளி கிடைத்ததில்லை. உப்பு வாங்கச் சொன்னால் சீனியோடு வந்து நிற்பார். அவள் பேசும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். படுக்கப் போகும்போது "விளக்குக் கொஞ்சம் இருக்கட்டும்" என்பார். மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது என்று அவள் அணைத்துவிடுவாள். அதற்குப் பிறகு அவள் மனம் விட்டுச் சொன்ன எதற்கும் பதில் வந்ததில்லை. கதையையெல்லாம் சிநேகிதனுக்கென்று சேர்த்து வைக்கிறார் என்று இருட்டில் கிடந்து வெந்துபோவாள்.

ஒரேயொரு ஆறுதல் இருந்தது. கேட்கிற காது எது என்று மீராசாகிபுவுக்குத் தெரியாது. எப்போதும் இடப்பக்கமே போய் இருப்பார். அவளோ கலியாணமான கிழமையே கேட்டுத் தெரிந்துகொண்டவள்.

"அது கேக்காத காது," என்றாள் இப்போது. "இவ்வளவு காலம் பழகியும் அதுகூட உங்களுக்குத் தெரியேல்லை."

மீராசாகிபு நிமிர்ந்து பார்த்தார். "இல்லைத் தங்கச்சி. வலக்காதுதான் போனது. அந்தப் பக்கம்தான் குண்டு விழுந்தது. இடதும் கிட்ட வந்து சொன்னால்தான் கேக்கும்."

"இந்தக் காதோ கேக்கிறது எண்டு நான் கேட்டனான். ஓம் எண்டு தலையாட்டினவர்."

"எந்தப் பக்கம் இருந்து கேட்டனீங்கள்?"

கமலாசனி அவரின் வலக்காதைப் பார்த்தாள். வலப்பக்கம் இருந்துதான், வலக்காதில் வாயை வைத்துத்தான் கேட்டாள்.

மீராசாகிபு தயங்கித் தயங்கி மிச்சத்தைச் சொன்னார். அவள் என்னவோ கேட்டாளாம், ஒன்றும் காதில் விழாமலே வீரகத்தி தலையாட்டிவிட்டாராம். பிறகு அவள் நாள் தவறாமல் அந்தப் பக்கம் சுற்றி வந்து இருப்பதைப் பார்த்து, சொல்ல மனம் வரவில்லையாம்.

"வாய் அசையிறதைப் பாத்தே விளங்கிக்கொள்ளுவான். அது பீரங்கியடியிலை பழகினது. 'பகலிலை அவவின்ர முகத்தைப் பாத்தால் எனக்குப் போதும், ராவிலைதான் அவ என்ன சொல்லுறா எண்டு தெரியாமல் கிடக்கிறன்' எண்டு சொல்லுவான்."

இதையும் இவரிடம்தான் சொல்லியிருக்கிறார். அவளுக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது.

"எழும்புங்கோ அண்ணை. நான் அதிலை இருக்கவேணும்."

அவர் எழும்பி இடம் விட்டார். கமலாசனி சுற்றிப் போய் இடப்பக்கம் உட்கார்ந்து, காதுக்கிட்டக் குனிந்தாள். நிமிர்ந்து, மூடிக் கிடந்த கண்களைப் பார்த்தாள்.

வெளியே நன்றாக விடிந்திருந்தது. மகள் விமலேஸ்வரி, தாய் பழக்கின பழக்கத்தில், தலைமாட்டில் எரிந்துகொண்டிருந்த அரிக்கன் லாம்பை அணைக்கக் குனிந்தாள்.

"விளக்குக் கொஞ்சம் இருக்கட்டும்," என்றாள் கமலாசனி.