அக்கா வேண்டாமென்ற இரண்டாவது ஷிஃப்ட்

1

இந்தக் கதை எதனால் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: என் அக்காவைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ள ஆசை. வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது.

அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. அத்தான் இறந்தபிறகு அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. இருபதாம் தேதிக்குமேல் நொண்டி நொண்டி நடக்கும்.

2

முதல் தொடக்கம்: ‘நீராவி கக்கும் அந்தக் கூடத்தில், வறுமையின் கோரப்பிடியில் சிக்கிய ஒரு’ – அடித்துவிட்டேன். அக்கா படித்தால், யாருடா அந்தப் பொம்பளை என்பாள்.

இரண்டாம் தொடக்கம்: மேற்பார்வையாளர் அக்காவைக் கூப்பிட்டு, மாலை ஷிஃப்டும் பார்த்தால் சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்றார். இது இருக்கட்டும். நடந்ததும் இதுதான்.

ஒத்துக்கொள் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரையும்விட உரக்கச் சொன்னவன் நான். அக்காவின் ஏழு வயது மகளை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஒத்துக்கொண்டால், அக்கா வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். வாரத்தில் ஆறு நாள் அம்மாவும் மகளும் உட்கார்ந்து பேச நேரமே இருக்காது. (இங்கே குழந்தையை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அவள் அழவில்லை. நீக்கிவிட்டேன்.)

3

அக்கா ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை அலமாரி, பரண், கட்டிலடி எல்லாவற்றையும் காலிசெய்து கூடத்தில் பரப்பினாள்.

“இன்னும் சம்பாதிக்கறது இருக்கட்டும். சம்பாதிச்சது எங்க போச்சுன்னு முதல்ல பாக்கறேன்” என்றாள்.

ஐந்து குடைகள், ஏழு சார்ஜர்கள், ஒரு சாக்கு நிறையக் காகிதம். வீட்டார் அவ்வப்போது வாங்கிச் சேர்த்தவை.

4

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது. மேலே உள்ள ‘வீட்டார்’ என்ற சொல்லைத் திருத்த வேண்டும்.

அக்கா தண்டமாக வாங்கியது பெட்டி பிரிக்காத ஒரே ஒரு மிக்ஸி. குடைகள் என்னுடையவை. வைத்த இடம் மறந்துபோகும், மழை வந்தால் புதிது வாங்குவேன். சார்ஜர்களும் அப்படியே. காகிதமெல்லாம் என் கதைகள். திரையில் படித்தால் பிழை தெரியாது என்று, ஒவ்வொரு திருத்தத்துக்கும் முழுக்கதையையும் கடையில் அச்செடுப்பேன். ஒரே கதைக்கு இருபத்தேழு பிரதி. எனக்கு நாற்பது வயது என்பதையும் இதுவரை சொல்லாமல் தவிர்த்திருக்கிறேன். வேலியே பயிரை மேய்ந்த கதை இது. அந்த வேலி, பயிரைப் பற்றி உருக்கமாகக் கதை வேறு எழுதிக்கொண்டிருந்தது.

அக்கா திட்டவில்லை. விரிப்பு மடிக்கும் அதே நிதானத்தில் சொன்னாள்.

“ஷிஃப்ட் வேணாம்னு சொல்லப்போறேன். எனக்கும் பாப்பாவுக்கும் இந்தச் சம்பளம் போதும். மூணு பேருக்குத்தான் பத்தல. நீ எழுது, வேணாங்கல. சாப்பாடு போடறேன். மத்ததெல்லாம் இனிமே உன் பாடு.”

5

மறுநாள் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். இந்த வாய்ப்புக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றாராம் மேற்பார்வையாளர். நிற்கட்டுமே என்றாளாம். மிக்ஸி கடைக்குத் திரும்பிப் போனது. அந்த மாதம் முப்பதாம் தேதி வந்தது. அக்கா யாரிடமும் கைநீட்டவில்லை. மகள் பள்ளிக்கூடத்துச் சண்டையை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் தூங்கினாள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். என் அக்காவின் விரல் எவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவளுக்குத் தம்பியாகப் பிறந்ததில் எனக்குப் பெருமை. கொஞ்சம் வெட்கமும் உண்டு.

6

அவள் கதை முடிந்துவிட்டது. மிச்சமிருப்பது என்னுடையது.

ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்க ஆள் கேட்கிறார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை. நாளை சேரச் சொல்லியிருக்கிறார்கள்.

முடிவு (அ): நான் போகிறேன். முடிவு (ஆ): போகாமல், இதையே நாவலாக நீட்ட – வேண்டாம். நான் எழுதும் எந்த முடிவையும் நம்பாதீர்கள். ‘வீட்டார்’ என்று எழுதியவன் நான்.

ஏதாவது ஒரு வேலைநாளில், காலை பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள். யாரும் திறக்கவில்லை என்றால், கதை நன்றாக முடிந்திருக்கிறது.