வெள்ளாற்றில் பதினொரு பேர்

பாசஞ்சர் வண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் தடதடத்தது. அமராவதி ஜன்னலோரம் நின்று நோட்டைக் கிழித்துக்கொண்டிருந்தாள். ஒரு தாள், இரண்டு தாள்... காற்று பிடுங்கிக்கொண்டு போய் ஆற்றில் எறிந்தது.

“ஏய், நிறுத்து!” ஏட்டு ராஜாமணி மூட்டைகளைத் தாண்டிப் பாய்ந்து வந்தார்.

“காதல் கடுதாசியா இருக்கும், வுடுங்க ஏட்டையா. வயசுப் பொண்ணு!” கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்கார அஞ்சம்மாள் சிரித்தாள்.

காதலுமில்லை, கடுதாசியுமில்லை. குடிப்பவர்களை மீட்கும் ஆலோசகராவதற்காகச் சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் ஓராண்டாகப் படிக்கிறாள் அமராவதி. தேவனாம்பட்டினத்தில் பதினொரு பேரோடு பேசி எழுதிய அந்த நோட்டைக் காட்டினால்தான் இன்றைக்குப் பரீட்சையில் தேறுவாள். பேர் போடாதே, நம்பர் போடு என்று டாக்டரம்மா தலைதலையாய் அடித்துக்கொண்டார். மனுஷனுக்கு என்ன நம்பர் என்று முதலில் பேசிய பக்கிரி தொடங்கி எல்லாரையும் பேரோடு எழுதித் தொலைத்தாள். மதுவிலக்குக் காலம். குடித்தவன் பேர் போலீஸ் கைக்குப் போனால் ஜெயில்தான். உங்க பேரு வெளிய போவாது என்று பதினொரு பேருக்கும் சத்தியம் செய்திருந்தாள்.

கடலூரில் ஏறியதிலிருந்தே ஏட்டு விடவில்லை. “அந்த நோட்டைக் குடு. இல்லாட்டி கிள்ளையில எறக்கி ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போவேன்.”

இப்போது அவர் கையில் சிக்கியது வெறும் அட்டை.

கிள்ளை வந்தது. அஞ்சம்மாளும் மற்றவர்களும் இறங்கினார்கள். அமராவதி எழுந்தாள். “வாங்க, ஸ்டேஷனுக்குப் போவலாம்.”

ஏட்டு அசையவில்லை. வண்டி கிளம்பியது.

“இன்னைக்குப் பரீட்சைன்னியே?” என்றார்.

“போச்சு. அடுத்த வருஷம் மறுபடி மொதல்லேர்ந்து.” அவள் தலை தாழவில்லை. “படிக்காம வுட்டுடுவேன்னு மட்டும் நெனைக்காதீங்க.”

“எத்தினி மெரட்டினாலும் நீ காட்ட மாட்டேன்னு ஒங்க ஊர்ல ஒருத்தன் சொன்னான். நான் நம்பல.”

“அப்ப என்னை சோதிச்சுப் பாத்தீங்களா? என் ஒரு வருஷத்தைத் தண்ணியில வுட்டு?”

ஏட்டு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அதைப் பிடித்திருந்த விரல்கள் வெடவெடத்தன. திட்ட வாயெடுத்தவள் அதைப் பார்த்தாள். பதினொரு பேரிடம் பார்த்துப் பழகிய நடுக்கம். மெல்ல அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க ஏட்டையா.”

காலிப் பெட்டியிலும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

“பதினாலு வருஷமா குடிக்கிறேம்மா. இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் வாய் தொறந்ததில்ல. இத எப்படிம்மா வுடுறது?”