ரெமி வீட்டில்தான் இருக்கிறான்

ஊரைத் தள்ளிப் பள்ளத்தில், ஒரு காலத்தில் ஊர்ப் பெண்கள் துணி துவைத்த பழைய துவைதொட்டியின் விளிம்பில் மண்டியிட்டு, ஓடில் தலையைத் தண்ணீருக்குள் முக்கி எடுத்தாள். மே மாதம்தான் என்றாலும் ஏற்றம் ஏறி இறங்கி வந்ததில் எங்கள் இருவருக்கும் வியர்த்து ஊற்றியிருந்தது. அது ஊற்றுத் தண்ணீர். கையை வைத்தாலே எலும்பு வலிக்கும். அவள் கழுத்துவரை முக்கினாள். நிமிர்ந்து முடியைப் பிழிந்துகொண்டே சுற்றிலும் பார்த்தாள். கல் தூண்களை, ஓட்டுக் கூரையை, சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்த இரண்டு சைக்கிள்களை, கடைசியாக என்னை.

"நாம எப்படி இங்க வந்தோம், ஜோ?" என்றாள்.

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். எங்களுக்குள் இருந்த நிலைமையில் அந்தக் கேள்விக்கு அந்த அர்த்தம்தான் எனக்குத் தோன்றியது.

ஓடில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். பிறகு என் தம்பி ரெமியைக் கட்டிக்கொண்டாள். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதத்தில் ரெமி என்னைத் தனியாகச் சைக்கிளில் கூட்டிப்போய், கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னான். ஜூன் கடைசியில் அவர்கள் மகளுக்குக் கல்யாணம். அது முடியும்வரை ஓடிலுக்குத் தெரியக் கூடாது என்று அக்காவான என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினான். நான் கொடுத்தேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவன் குளியலறையில் விழுந்தான். அப்போதுதான் ஓடிலுக்கு எல்லாம் தெரிந்தது. ஜூலையில் அடக்கம் செய்தோம். எல்லோரும் கலைந்துபோன பிறகு, கல்லறைத் தோட்டத்து வாசலில் வைத்து ஓடில் என்னிடம் சொன்னாள்: "எனக்குச் சேர வேண்டிய மூணு மாசத்தை நீ எடுத்துக்கிட்டே." அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ரொட்டிக் கடையில் எதிர்ப்பட்டால் அவள் ஜன்னலைப் பார்ப்பாள், நான் அலமாரியைப் பார்ப்பேன்.

போன வியாழக்கிழமை திடீரென்று அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஞாயிறு நல்ல வெயிலாம், வெள்ளைப் பாதையில் போகலாமா என்று. அவ்வளவுதான். நானும் சரி என்று மட்டும் எழுதினேன். காலையில் கால்வாய்ப் பாலத்தில் சந்தித்து, கரையை ஒட்டிய சரளைப் பாதையில் கிளம்பினோம். பிறகு செர்ரித் தோட்டங்களுக்கு நடுவே, இடிந்த மடத்தின் சுவரை ஒட்டி, ரோமானியர் போட்டதாகச் சொல்லும் நேர்ப் பாதை. சுண்ணாம்புக் கல் நொறுங்கி மாவாகக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமையில்கூட ஒரு கார் வராது. அதனால்தான் எங்கள் மூவருக்கும் அது பிடித்துப்போயிருந்தது. இருபத்தெட்டு கிலோமீட்டரில் டயரில் காற்று போதுமா என்று பேசினோம், செர்ரி இந்த வருடம் முந்திப் பழுக்கும் என்று பேசினோம். அவள் எப்போது அந்தப் பேச்சை எடுப்பாள் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் காத்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை மன்னிக்கக் கூப்பிட்டிருக்கலாம். ஒருவேளை, சொல்ல மிச்சமிருந்ததைச் சொல்லித் தீர்க்கக் கூப்பிட்டிருக்கலாம். அவள் முதுகைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதனால் துவைதொட்டியில் அவள் அப்படிக் கேட்டபோது, ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் மறுபடியும் கேட்டாள், அதே குரலில், அதே வார்த்தைகளில். மூன்றாம் முறை கேட்டபோது அவள் கண்ணில் பயம் இருந்தது. பக்கவாதமோ என்று சிரிக்கச் சொன்னேன், சிரித்தாள். வாய் கோணவில்லை. இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னேன்.

"என்னடி இது, பள்ளிக்கூடத்து உடற்பயிற்சியா?" என்று தூக்கினாள். இரண்டும் சமமாக நின்றன. பேச்சு குழறவில்லை. தன் பெயர், என் பெயர், மகள் பெயர் எல்லாம் சரியாகச் சொன்னாள். என்ன வருடம் என்று கேட்டேன். அவள் சொன்ன வருடத்தில் ரெமி உயிரோடு இருந்தான்.

அந்தப் பள்ளத்தில் போன் எடுக்காது. மேட்டு ஊர் தேவாலயத்துக்குப் போனால்தான் எடுக்கும். ஐந்து கிலோமீட்டர். அவளைத் தனியே விட்டுவிட்டுப் போகவும் முடியாது. சைக்கிளில் ஏறச் சொன்னேன். உடம்பு எதையும் மறக்கவில்லை. எப்போதும்போல கல்லுக்குக் கல் விலகி ஓட்டினாள். நான் பக்கத்திலேயே ஓட்டினேன்.

கொஞ்ச தூரம் போனதும், "ரெமி எங்கே? அவன் ஏன் வரல?" என்றாள்.

இனி இவளிடம் எதையும் மறைக்க மாட்டேன் என்று மூன்று வருடமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அதனால் சொல்லிவிட்டேன். ரெமி இறந்துபோய் மூன்று வருடம் ஆகிறது, உனக்கு இப்போது ஞாபகம் குழம்பியிருக்கிறது, பயப்படாதே என்று, என்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னேன். அவள் சைக்கிள் அப்படியே சரிந்தது. பாதையோரப் புல்லில் உட்கார்ந்தாள். அடக்கத்தன்றுகூட அவளிடமிருந்து வராத ஒரு சத்தம் அப்போது வந்தது.

"ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?" என்றாள்.

அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, யாரும் சொல்லல, யாரும் சொல்லல என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு அழுகை மெல்ல நின்றது. ஈரமான தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழே விழுந்துட்டேனா என்று கேட்டாள். எழுந்து சைக்கிளை நிமிர்த்தி, சங்கிலியைச் சரிபார்த்தாள்.

"ரெமி எங்கே, ஜோ? அவன் ஏன் வரல?"

"வீட்லதான் இருக்கான்," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. இன்னொரு முறை அந்தச் சத்தத்தைக் கேட்க என்னிடம் தெம்பு இல்லை.

"அடுப்புல கோழியை வெச்சிருப்பான். கருக விட்டுட்டு, மொறுமொறுன்னு இருக்குன்னு சொல்லுவான் பாரு," என்று சிரித்தாள். மிதிக்க ஆரம்பித்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் அதே கேள்வி. ஒவ்வொரு முறையும் ரெமி வீட்டில் இருந்தான். ஒரு முறை அவனுக்கு முதுகு வலி, ஒரு முறை தோட்டத்தில் புல் வெட்டுகிறான். பொய்யைச் சொல்லச் சொல்ல எனக்கே அவன் புல் வெட்டுவது தெரிய ஆரம்பித்தது. இடையிடையே அவள் பழைய ஓடிலாக இருந்தாள். என்னை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்து, என் பின்பக்கம் சைக்கிள் இருக்கையை விடப் பெரிதாகிவிட்டது என்றாள். போன வாரம்வரை நன்றாக இருந்த என் முடி எப்படி இப்படி நரைத்தது என்று கேட்டாள். மூன்று வருடமாக என் முகத்தைப் பார்க்காதவள் என் முகத்தையே பார்த்துப் பேசினாள். அவள் மூளைக்குள் என்ன உடைந்திருக்கிறதோ என்று பயமாக இருந்தது. அதே சமயம், எப்படிச் சொல்ல, சந்தோஷமாகவும் இருந்தது. அவசரமாகப் போயிருக்க வேண்டும். நான் அவள் வேகத்துக்கே ஓட்டினேன். அது அவளுக்காகவா எனக்காகவா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

தேவாலயத்துக்கு முன்னால் போன் எடுத்தது. அவசர மருத்துவ உதவி எண்ணான பதினைந்தை அழைத்தேன். அந்தப் பக்கம் பேசிய பெண் நிறையக் கேள்விகள் கேட்டாள், தீயணைப்பு நிலையத்து ஆம்புலன்ஸ் வண்டி இருபத்தைந்து நிமிடத்தில் வரும், உட்கார வைத்திருங்கள் என்றாள். வாசல் மரத்தடியில் கல் பெஞ்சு ஒன்று இருந்தது. உட்கார்ந்தோம். பையிலிருந்த ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டாள்.

அப்போதுதான் அதைச் செய்தேன். அவள் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளப் போவதில்லை என்ற தைரியத்தில் செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஓடில், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ரெமிக்குப் பெரிய வியாதின்னு வெச்சுக்கோ. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கறான். நான் சொல்லாம இருந்துட்டா?"

அவள் மென்றுகொண்டே யோசித்தாள். "அவன் கேட்டா நீ எப்படிடி மாட்டேன்னு சொல்லுவே? சின்ன வயசிலேர்ந்தே அவன் கேட்டு நீ எதுவும் மறுத்ததில்ல. நல்லாத் திட்டுவேன். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து அழுவோம். வேற என்ன செய்யறது?"

மூன்று வருடமாக இந்த வார்த்தைகளுக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன். கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டு நிமிடம் கழித்து அவள் ரெமி எங்கே என்று மறுபடி கேட்டபோது, எல்லாம் துடைத்துப்போட்டதுபோல் போய்விட்டது தெரிந்தது. இன்னொரு முறை அதைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்டேன். ஏறக்குறைய அதே வார்த்தைகளில்தான் கேட்டேன்.

இந்த முறை அவள் மெல்லுவதை நிறுத்தினாள். என்னை உற்றுப் பார்த்தாள்.

"அப்படிச் செஞ்சா உன் முகத்துல முழிக்க மாட்டேன், ஜோ. அவன் என் புருஷன். உனக்குத் தம்பிங்கறதெல்லாம் அப்புறம்தான்."

மூன்றாவது முறை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வண்டி வரும்வரை கோழியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

மருத்துவமனையில் தலையைப் படமெடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். பக்கவாதம் இல்லை. திடீரென்று சில மணி நேரம் நினைவு இப்படி அறுந்துபோவது உண்டு, இந்த வயதில், கடும் உழைப்புக்குப் பின் குளிர்ந்த நீர் பட்டால், மனசு அலைக்கழிந்திருந்தால் வரும், தானாகவே சரியாகிவிடும், ஆனால் அந்த மணி நேரங்கள் மட்டும் திரும்ப வராது என்று இளம் மருத்துவர் சொன்னார். அப்படியே ஆயிற்று. மாலையில் வருடங்கள் ஒவ்வொன்றாக அவளுக்குள் வந்து சேர்ந்தன. ரெமியின் சாவு வந்து சேர்ந்த நேரம் எனக்குத் தெரிந்தது. கேட்பதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கால்வாய் மதகுவரை ஞாபகம் இருக்கிறது, அப்புறம் இந்தக் கட்டில்தான் என்றாள். "நான் என்னவெல்லாம் பேசினேன்?" என்று கேட்டாள்.

மகள் லியோன் நகரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் உண்மையைச் சொன்னது, அவள் அழுதது, பிறகு நான் பொய் சொன்னது.

"எத்தனை தடவை?"

"எண்ணல. பதினைஞ்சு தடவை இருக்கும்."

"நான் நம்பினேனா?"

"நம்பினே. சந்தோஷமா இருந்தே."

அவள் போர்வையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். நான் பெஞ்சில் கேட்ட கேள்வியையும் சொன்னேன். அவள் சொன்ன இரண்டு பதில்களையும், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். யாரோ பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுமே நான் பேசற மாதிரிதான் இருக்கு," என்றாள் கடைசியில்.

"எது நிஜம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்க இல்லையே."

எதற்காக என்னைச் சவாரிக்குக் கூப்பிட்டாள் என்று கேட்க நாக்குவரை வந்தது. அதற்குள் மகள் வந்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, துணையோடு என்றால் ஓட்டலாம் என்று மருத்துவர் சொன்னதும், அவளே போன் செய்தாள். தான் தொலைத்த பகுதியைப் பார்க்க வேண்டுமாம். காரில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு துவைதொட்டிவரை போய், அங்கிருந்து ஓட்டினோம். நாற்பது வருடமாகப் போய்வந்த பாதையை முதன்முறை பார்ப்பவள்போல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"எங்க வெச்சு எங்கிட்ட சொன்னே?" என்றாள்.

நான் பிரேக்கைப் பிடித்தேன். அந்த இடம் எனக்கு உயிருள்ளவரை மறக்காது என்று நினைத்திருந்தேன். ஆனால் முன்னும் பின்னும் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. அதே வெள்ளைச் சரளை, அதே புல் விளிம்பு, கோதுமை மட்டும் இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. இதைத் தாண்டிப் போனோமா, இன்னும் வரவில்லையா என்று திணறினேன். திரும்பிக் கொஞ்ச தூரம் போனேன், மறுபடி வந்தேன். அவள் பொறுமையாக நின்றாள்.

"இங்கன்னு நினைக்கறேன்," என்று ஒரு இடத்தைக் காட்டினேன். "சரியாத் தெரியல."

ஓடில் சைக்கிளைப் பாதையின் நடுவிலேயே படுக்க வைத்துவிட்டு, நான் காட்டிய புல்லில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன். மேட்டிலிருந்து ஒரு டிராக்டர் புழுதி கிளப்பிக்கொண்டு இறங்கி வந்தது. சைக்கிளுக்கு இருபது அடி முன்னால் நின்றது. ஓட்டியவர் எங்கள் இருவரையும் பார்த்தார், ஹாரன் அடிக்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங் மேல் கைகளைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.