முத்திரை வைத்த கோடாலி

அதிகாரி ஷாங்கெயின் பூட்ஸைப் பார்த்தபோதே ரவ்னாவுக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஆள் பாதி வழிகூடத் தாங்கமாட்டார் என்று. தெற்கே நகரத்தில் தைத்த கறுப்புத் தோல். நல்ல மெருகு. காலைக் கவ்விப் பிடித்த அந்த பூட்ஸுக்குள் குளிருக்கு ஒரு பிடி உலர்ந்த புல்லைத் திணிக்க இடமில்லை. அவள் தன் மூட்டையிலிருந்து மான்தோல் காலணியும் புல்லும் எடுத்து நீட்டினாள்.

"புல்ல மாடு திங்கும். மான் மேய்க்கிற லாப்புக்காரங்க கால்ல கட்டிக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

"சரி தொரை," என்று மூட்டையைக் கட்டினாள். சொல்புத்தியும் கிடையாது, சுயபுத்தியும் கிடையாது. இப்படிப்பட்டவர்களைத்தான் பொறுக்கியெடுத்து, பனி மூடிய அந்த வடக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆனாலும் இந்த மனிதரை அவள் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். நாளை மறுநாள் கரஷோக் கோர்ட்டில் அவள் தம்பி அஸ்லாக்கின் வழக்கு. சாட்சி சொல்லப் போகும் அதிகாரி வழியில் விறைத்துச் செத்தால், மான்வண்டி ஓட்டிப்போன அக்காவையும் சேர்த்து உள்ளே தள்ளுவார்கள்.

அஸ்லாக் செய்த குற்றம், தந்திக் கம்பம் ஒன்றை வெட்டியது. போன மாதம் சின்ன மகளோடு பனிப்புயலில் மாட்டிக்கொண்டான். பிள்ளையின் விரல்கள் வெளுத்துப்போயின. மரமே முளைக்காத மேட்டுவெளியில் நின்றிருந்த ஒரே கட்டை ராஜாவின் கம்பம்தான். வெட்டி எரித்தான், பிள்ளை பிழைத்தது. அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. ஆனால் மான்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவன் விறகை ஆபத்துக்கு எடுத்தால் முதல் வேலையாகப் போய்ச் சொல்ல வேண்டும், ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பி வைக்க வேண்டும். அந்த அசடு நேரே தந்தி ஆபீசுக்குப் போய், "உங்க கட்டை ஒண்ண எடுத்துட்டேன். பனி உருகினதும் ரெண்டு கொண்டாந்து நட்டுடறேன்" என்றது. அவர்களும் சிரித்த முகமாய்க் காபி கொடுத்து உட்காரவைத்து, பின்வாசல் வழியாக ஆளனுப்பி ஷாங்கெயை வரவழைத்தார்கள். ராஜாவுக்கு விறகைத் திருப்பிக் கொடுக்க முடியாதாம். தெற்கே இரண்டு வருஷம் சிறை என்று பேச்சு. வசந்தத்தில் மந்தையைக் கடற்கரைக்கு ஓட்டிப்போக அவனை விட்டால் ஆளில்லை.

வெட்டிய கோடாலிதான் சாட்சிப் பொருள். அதைச் சாக்கில் சுற்றி, சிவப்பு அரக்கு முத்திரை வைத்து, தொட்டில் பிள்ளையைப் போல மடியில் கிடத்திக்கொண்டு வந்தார் ஷாங்கெ.

மதியம் தாண்டியதும் புயல் பிடித்துக்கொண்டது. ரவ்னா மான்களை அவிழ்த்துக் கட்டினாள், பனியில் குழி பறித்தாள், சறுக்குவண்டியைக் கவிழ்த்து மூடி, கூட ஓடிவந்த நாயை உள்ளே விட்டாள்.

"உள்ள வாங்க தொரை. நாயும் நாமளும் ஒட்டிப் படுத்தா விடியற வரைக்கும் தாங்கும்."

"நாயோட படுக்கவா அரசாங்கம் என்னை அனுப்பிச்சுது?"

அரசாங்கத்தின் மானத்தைக் காத்துக்கொண்டு வெளியே நின்று காலை உதைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் உதைக்கிற சத்தம் நின்றது. பிறகு வேறு குரல் கேட்டது.

"ஏம்மா. கால் மரத்துப்போச்சு. தீ மூட்டு."

"எதை வெச்சு?"

பக்கத்தில் காற்றில் ரீங்கரித்துக்கொண்டிருந்த தந்திக் கம்பத்தைப் பார்த்தார். "அதை வெட்டு."

"அதுக்கு ரெண்டு வருஷமாமே. நீங்கதானே எங்க தம்பிக்கு வாசிச்சுக் காட்டினீங்க."

"நான் உத்தரவு போடறேன்."

"உத்தரவு இருக்கு, கோடாலி இல்லியே. எங்க வீட்டுல இருந்த ஒண்ணும் உங்க சாக்குல கிடக்கு. கோர்ட்டு சொத்து, நான் தொடமாட்டேன்."

ஷாங்கெ அரக்கைப் பல்லால் கடித்து உடைத்தார். வாழ்நாளில் ஒரு சுள்ளி வெட்டாத கை. கம்பத்தில் விழுந்த வெட்டைவிட, அதன் அடியில் குவித்திருந்த கற்களில் விழுந்தது அதிகம். ஒவ்வொரு 'ணங்'குக்கும் ரவ்னாவுக்குப் பல் கூசியது. பெற்ற பிள்ளையைப் போலத் தம்பி பார்த்துப் பார்த்துத் தீட்டி வைத்திருந்த கோடாலி அது. கடைசியில் கம்பம் சாய்ந்தது, கம்பி அறுந்து சுருண்டது. அவள் வந்து தீ மூட்டினாள். பூட்ஸை அறுத்துக் கழற்றி, வெள்ளையாய்ப் போயிருந்த பாதங்களைத் தேய்த்து, விடியும்வரை வயிற்றோடு வைத்துச் சூடேற்றி, பிறகு புல் வைத்து மான்தோல் காலணியை மாட்டிவிட்டாள். இரக்கப்பட்டுச் செய்யவில்லை. சாட்சி நடந்து வந்தாக வேண்டும்.

கம்பி அறுந்தால் அதைக் காக்கிறவன் கிளம்பியாக வேண்டும். காலையில் புயல் ஓய்ந்ததும் சறுக்குக்கட்டையில் வந்து நின்றான் ஹெய்க்கி, பக்கத்துக் குடிசைக் கம்பிக்காரன். அடிக்கட்டையைப் பார்த்தான், சாம்பலைப் பார்த்தான்.

"யாரு வெட்டினது?"

ஷாங்கெ யோசிக்கவே இல்லை. "இவதான். இவங்க குடும்பத்துக்கே இதான் தொழில்."

ராத்திரி முழுக்க அவர் காலைத் தன் வயிற்றோடு வைத்துச் சூடு கொடுத்தவள் ரவ்னா. தூ என்றிருந்தது அவளுக்கு.

"ஒத்துக்கறேன் தொரை. கோர்ட்டுல கேப்பாங்களே, எந்தக் கோடாலின்னு. அரக்கை உடைச்சது யாருன்னும் கேப்பாங்க. உங்க கையக் கொஞ்சம் ஹெய்க்கி அண்ணனுக்குக் காட்டுங்க."

ஷாங்கெ கொப்புளம் வெடித்த உள்ளங்கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"ராத்திரி காத்து பலமா இருந்துச்சு," என்றார்.

"இருக்கும் இருக்கும்," என்றான் ஹெய்க்கி. "இந்தக் காத்துக்கு விறகு அடுக்கிப் பத்தவைக்கக்கூடத் தெரியும் போல."

"போன மாசம் விழுந்ததும் காத்துலதானே தொரை?" என்றாள் ரவ்னா. அவர் அவளைப் பார்க்காமல் தலையாட்டினார்.

கரஷோக்கில் ஷாங்கெ எழுந்து, மறுபடி விசாரித்ததில் கம்பம் காற்றில் விழுந்தது தெரியவந்தது என்றார். விழுந்து கிடந்ததைத்தான் இந்த ஏழை எடுத்திருக்கிறானாம். அதைக் கேட்டதும் அஸ்லாக் துள்ளி எழுந்து தன் பேச்சிலேயே கத்தினான்.

"இல்லீங்க. நான்தான் வெட்டினேன். நல்லா நின்னுட்டிருந்த கம்பம்."

நீதிபதிக்கு மான்காரர் பேச்சு புரியாது. மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த கோயில் உபதேசியார் ரவ்னாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"காற்று ரொம்பக் கடுமை என்கிறார்," என்றார்.

நீதிபதிக்குச் சாப்பாட்டு நேரம். போகலாம் என்றுவிட்டார்.

வாசலில் கோடாலியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அஸ்லாக் கட்டைவிரலால் அதன் வாயைத் தடவினான். ஒரு மாதம் அடைத்து வைத்ததற்கு வராத கோபம் அப்போது வந்தது.

"யாருக்கா இத கல்லுல போட்டு அடிச்சது?"

"காத்து."

"விளையாடாத. எடுத்தவன் வந்து சொல்ல வேணாமா?"

ஷாங்கெ அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். காலில் அவளுடைய மான்தோல் காலணி, ஓரத்தில் புல் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் திரும்பவில்லை.

"அவங்க ஊர்ல அந்த வழக்கம் இல்லடா," என்று சொல்லி ரவ்னா பனியில் காறித் துப்பினாள்.