கம்பி முந்துகிறான்

சும்மா உட்காருவது எனக்கு வராது. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் விரல் ஏதாவது ஒரு மேஜையைத் தட்டும். நான் கால் ஆட்டுகிற சத்தம் மைக்கில் விழுந்து எத்தனையோ டேக் வீணாகியிருக்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்கிருந்த பரபரப்பு பிறவிக் கோளாறு இல்லை. அதற்குக் காரணம் இருந்தது, அதை ஒருவரிடமும் சொல்ல முடியாமல் இருந்தது.

நாங்கள் மூன்று பேர். நான் பேஸ் கிட்டார். கிட்டார் வாசிக்கிறவனுக்குக் கம்பி என்று பெயர். உடம்பும் அப்படி, பிழைப்பும் அப்படி. ட்ரம்ஸ் வாசிக்கிறவன் என் மச்சான். வாலிபத்தில் விளையாட்டுக்குத்தான் அவனை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தேன். படுபாவி, என் தங்கையைக் கட்டிக்கொண்டு அதை நிஜமாக்கிவிட்டான். மூவருமே ஆயுள் முழுக்க அடுத்தவர் பாட்டுக்கு வாசித்தவர்கள். கூப்பிட்ட இடத்துக்குப் போவோம், நீட்டிய தாளைப் பார்த்து வாசிப்போம், அடுத்த ஸ்டூடியோவுக்கு ஓடுவோம். கேசட் அட்டையில் பாடகர் சிரித்துக்கொண்டிருப்பார். எங்கள் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். இப்போதுதான் முதல்முறையாக எங்கள் பெயரில் ஓர் ஆல்பம். பாடகரே வேண்டாம் என்பது கம்பியின் கட்டளை.

"இத்தனை வருஷம் அவங்க முதுகைப் பார்த்தே வாசிச்சாச்சு. போதும்டா" என்றான்.

ஸ்டூடியோ கம்பியின் மகளுடையது. கீழே வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை. கடைக்காரர் ஒரு மெஷினைச் சுழலவிட்டுச் சோதித்தால் மாடித் தரை முழுக்க அதிரும். அது அடங்கும்வரை நாங்கள் வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒலிப்பதிவு மொத்தமும் அந்தப் பெண்ணின் கையில்தான். என்னைப் பேஸ் மாமா என்பாள், மச்சானை ட்ரம் மாமா என்பாள். பிரியமான பிள்ளை. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு மாமாவும் கிடையாது, அப்பாவும் கிடையாது.

முதல் இரண்டு பாட்டும் நிதானமானவை, சிக்கலில்லாமல் முடிந்தன. மூன்றாவதில்தான் சனி பிடித்தது. வேகமான மெட்டு. என் விரல்கள் ஓடுகிற ஓட்டத்துக்காகவே கம்பி போட்டது. தொடங்கும்போது நன்றாகத்தான் இருக்கும். பாதி தாண்டியதும் ஏதோ ஒன்று பிசகும். ஹெட்போனில் அவள் குரல் வரும்.

"நிறுத்துங்க. அப்பா, நீ முந்துற."

மறுபடி தொடங்குவோம். மறுபடி பாதியில் நிற்போம்.

"அப்பா, திரும்பவும் முந்துற. மாமா ரெண்டு பேரும் ஒண்ணா இருக்காங்க. நீ மட்டும் ஓடுற."

கம்பி முந்தவில்லை என்பது எனக்குத் தெரியும். மூன்று பேர் சேர்ந்து நடக்கும்போது இரண்டு பேர் பேசிவைத்தது மாதிரி நடையைக் குறைத்தால், ஒழுங்காக நடக்கிறவன்தான் ஓடுகிறவனாகத் தெரிவான். நடையைக் குறைத்தவன் மச்சான். அவன் வேகம் குறைந்தபோது கூடவே சேர்ந்து குறைந்தவன் நான்.

வேண்டுமென்றே செய்ததுதான். மச்சானுக்கு வலது முழங்கால் தேய்ந்துபோய்விட்டது. ஸ்டூடியோப் படியில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏறுகிறான். பெரிய ட்ரம்மை மிதிப்பது அந்தக் கால்தான். என் தங்கை வேறு முன்கூட்டியே போன் செய்து, "அண்ணே, அவருக்கு முன்ன மாதிரி முடியல. வெளிய காட்டிக்க மாட்டார். நீதான் பார்த்து நடத்தணும்" என்றாள். அவன் வேகம் இழுபடுவது முதல் நாளே என் காதில் விழுந்துவிட்டது. பேஸும் ட்ரம்ஸும் சேர்ந்தே இருந்தால் யாருக்கும் குறை தெரியாது. அவனோடு போனேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று தெரிந்தேதான் மறைத்தேன். அந்த உருட்டில் கம்பி நசுங்குவான் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

கீழே மெஷின் சுழலத் தொடங்கியது. எல்லோரும் வெளியே தாழ்வாரத்துக்கு வந்தோம். கம்பி ஜன்னலைப் பார்த்து நின்றான். தன் இடது கையை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியவே மாட்டேங்குதுடா" என்றான். "முந்துறேன்னா அது கையில தெரியும்ல? எனக்குச் சரியாத்தான் போற மாதிரி இருக்கு. அதான் பயமா இருக்கு. தப்பு பண்றதுகூடத் தெரியாத நிலைமைக்கு வந்துட்டேன்போல."

"சும்மா இருடா" என்றேன்.

"இல்லடா. பெத்த மக முன்னாடி எத்தனை தடவைதான் திட்டு வாங்குறது? அவளுக்கும் கஷ்டம்தானே. அவளோட ஃப்ரெண்ட் ஒருத்தன் நல்லா வாசிப்பான். அவனையே வாசிக்கச் சொல்லிடுறேன். மெட்டு என்னோடதுன்னு அட்டையில இருந்தாப் போதும்."

மச்சான் சுவரில் சாய்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் பற்றிக்கொண்டு வந்தது. உன் காலால் வந்த வினை, ஒரு வார்த்தை சொல்லேன்டா என்று மனதுக்குள் கத்தினேன். அவனும் என்னை ஒருமாதிரியாகத்தான் பார்த்தான்.

தாழ்வாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். மச்சானைக் காட்டிக்கொடுத்தால் தங்கை முகத்தில் எப்படி முழிப்பது? மூடி மறைத்தால் கம்பி கிட்டாரைப் பெட்டியில் வைத்துவிடுவான். இந்த ஆல்பத்துக்காக வருஷக்கணக்காக எங்களை நச்சரித்தவனே அவன்தான். அவன் இல்லாமல் அது என்ன எங்கள் ஆல்பம்?

மெஷின் அடங்கியதும் மகள் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"ஒரே ஒரு தடவை கிளிக் போட்டு வாசிச்சுப் பார்த்துடலாம். அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு முடிவு பண்ணலாம்."

கிளிக் என்றால் ஹெட்போனுக்குள் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும் தாள எண்ணிக்கை. பிறருக்கு வாசித்தபோது எல்லாம் அதோடுதான். எங்கள் ஆல்பத்துக்கு அது வேண்டாம் என்று வைத்திருந்தோம். கிளிக்குக்கு மச்சானும் தெரியாது, தங்கையும் தெரியாது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"போடும்மா" என்றான் மச்சான்.

சரி, அவனே குழியில் இறங்குகிறான் என்று நினைத்தேன். உள்ளே போய் பேஸைத் தோளில் மாட்டும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த முறை அவனுக்காக நிற்கப் போவதில்லை. கிளிக் எங்கே போகிறதோ அங்கே போவேன். மன்னிச்சுக்கோ மச்சான், கம்பியை இழக்க என்னால் முடியாது.

டிக், டிக், டிக், டிக். தொடங்கினோம்.

பாதிவரை ஒரு குறையும் இல்லை. அந்த இடம் வந்தது. மச்சான் இப்போது பின்தங்குவான் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவன் பின்தங்கவில்லை. என்னை விட்டுவிட்டு முன்னால் போனான். அடப்பாவி, பயத்தில் ஓடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவன் மிதியும் கிளிக்கும் ஒரே சத்தமாக விழுந்தன. கம்பியின் கிட்டாரும் அதன்மேலேயே உட்கார்ந்தது. கொஞ்சம் தள்ளி, பஸ் கிளம்பிய பிறகு நிறுத்தத்துக்கு வந்து நிற்கிற ஆள் மாதிரி, ஒரு சத்தம் தனியாக வந்துகொண்டிருந்தது. அது யார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் விரலை முடுக்கினேன். முடுக்க முடுக்க நோட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. காலையில் விரல் விறைப்பதற்குப் பேஸில் மாட்டிய புதுத் தந்திகளையும் குளிரையும் நான் குறை சொல்லிவந்தது நினைவுக்கு வந்து உடம்பு கூசியது.

பாட்டு முடிந்தது. ஹெட்போனில் அவள் பேசவில்லை. நேரில் எழுந்து வந்தாள். அப்பா பக்கத்தில் போய் அவன் தோளில் கை வைத்தாள்.

"நீ முந்தலப்பா" என்றாள். "ஸாரி."

கம்பி என்னையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தான். தாளம் தெரிந்தவன், விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"அப்போ ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரனாக்கிட்டீங்க" என்றான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க என்னையே கோணல்னு நம்ப வெச்சுட்டீங்களேடா!" ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் வீசினான்.

பேஸைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, தூக்கிக்கொண்டு வெளியேறினேன். கண் முன்னால் படிகள் தெரியவில்லை. அவமானம் ஒரு பக்கம், இத்தனை நாள் நான்தான் இன்னொருவனைத் தாங்குகிறேன் என்று நினைத்த திமிர் ஒரு பக்கம். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கீழே கடைக்காரர் மெஷினின் வயிற்றைத் திறந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக மச்சான் இறங்கி வந்தான். முனகிக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எவ்வளவு நாளா தெரியும்?" என்றேன்.

"கொஞ்ச நாளாவே. வேகமான பாட்டுன்னா விரல் தடுமாறுது. நான் கொஞ்சம் நின்னா நீ வந்து சேர்ந்துக்குவே. யாருக்கும் தெரியாது."

"என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டியா?"

"நீ ஏன் என்கூடவே மெதுவா வந்தே? என் முழங்காலைப் பார்த்துத்தானே?"

அவன் எனக்காக நின்றிருக்கிறான். அவன் நிற்பதைப் பார்த்து, முடியாமல் நிற்கிறான் என்று நானும் நின்றிருக்கிறேன். நான் நின்றதைப் பார்த்து அவன் இன்னும் நின்றிருக்கிறான். நல்ல மனசுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து மூன்றாவது மனுஷனைத் தீர்த்துக்கட்டப் பார்த்தோம்.

"இன்னைக்கு ஏன் நிக்கல?"

"கம்பி போறேன்னு சொன்னானே. அவனை அனுப்ப முடியுமா?"

"சரி, நான் போறேன். கம்பி சொன்ன அந்தப் பையனுக்கு பேஸ் வாசிக்கிற ஃப்ரெண்டும் இருப்பான்."

"வாயை மூடு" என்றான். நான் அவனை அவ்வளவு கோபமாகப் பார்த்ததில்லை. "நான் ஏன் இத்தனை நாள் உங்கிட்ட சொல்லலை தெரியுமா? சொன்னா நீ ரோஷத்துல நிறுத்திடுவே. நீ நிறுத்திட்டா நான் யார்கூடடா வாசிக்கிறது?"

சொல்லிவிட்டு முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்தான். நான் பெட்டியின் பூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

மேலே போனபோது கம்பி இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்டேன். "பாட்டு வேகத்தைக் குறைச்சிடலாம்டா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

"வேண்டாம். பாட்டு அப்படியே இருக்கட்டும். நான் பாதி நோட்டை விட்டுடறேன்."

"உன்னோட ஓட்டத்துக்காகத்தான்டா அந்த மெட்டே போட்டேன்."

"தெரியும். விட்டுடறேன்."

கம்பி அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான். மகள் கண்ணாடிக்குப் பின்னால் போனாள். கிளிக் வேண்டாம் என்று சைகை காட்டினேன். மச்சான் நான்கு எண்ணினான்.

நோட்டு ஒன்று வைத்தேன். பிறகு இடைவெளி. இன்னொன்று. மறுபடி இடைவெளி. வாழ்நாளில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான். ஓட வேண்டிய இடம் வந்தபோது விரல் துறுதுறுத்தது, கையைத் தந்திமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நான் விட்ட இடத்தில் மச்சானும் கம்பியும் மட்டும் சேர்ந்து போவது கேட்டது. நான் இல்லாமலே அது நன்றாக இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அடுத்த நோட்டு என்னுடையது. அழுதால் தவறிவிடும் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினேன்.