ஓடைக்கு அந்தப் பக்கம்

கவுண்டி என்னும் மாவட்டத்தின் கல்வி வாரியம், எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்று காட்டும் மூன்றாவது வரைபடத்தை வெளியிட்டிருந்தது. நடீன் ஹால்வர்சன் அதைக் காலையில் எழுந்ததும் கைப்பேசியில் பார்த்தாள். சிக்னலில் கார் நின்றபோது பார்த்தாள். சூப்பைக் கிண்டிக்கொண்டே இன்னொரு முறை பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தால் கோடு நகர்ந்துவிடுமா என்ன? அவள் தெருவை ஆஷ்பி உயர்நிலைப் பள்ளியிலிருந்து பிடுங்கி லிண்டல் பள்ளியில் போட்டிருந்தார்கள்.

ஆஷ்பிக்குப் பத்துக்கு ஒன்பது, லிண்டலுக்குப் பத்துக்கு நான்கு. வீடு விற்கும் இணையதளம் ஒன்று போட்ட மதிப்பெண் அது. எதை வைத்துப் போட்டார்கள் என்று அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. லிண்டலுக்குள் யாரும் கால் வைத்ததும் இல்லை. ஆனாலும் அந்த நான்கை எல்லோரும் அப்படியே நம்பினார்கள். நடீனின் மகள் டெஸ் கோடை முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பில் சேர வேண்டும். இருப்பது ஒரே பிள்ளை.

எதிர்வீட்டு கர்ட் தன் முன்கட்டு மேஜையில் வரைபடத்தை விரித்துப் போட்டான்.

"சும்மா வேணாம் வேணாம்னா வாரியத்துல எவனும் காது குடுக்க மாட்டான். ஏதாவது நியாயம் பேசணும்."

"பூங்காவுக்குப் பின்னாடி ஓடை ஓடுதுல்ல," என்றாள் நடீன். "அதையே எல்லையா வைன்னு கேப்போம். நம்ம தெரு முழுக்க ஆஷ்பி பக்கம் வந்துடும். இயற்கையே போட்ட கோடு. யாரு மறுத்துப் பேசுவா?"

"அடேங்கப்பா. நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்."

ஒரே வாரத்தில் வீட்டுக்கு வீடு புல்வெளியில் 'ஓடையே எல்லை' என்று பலகை நட்டார்கள். பச்சைச் சட்டை அச்சடித்தார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எண்பது பேர் பச்சையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம். நடீன் எழுதிக் கொண்டுபோனதை ஒழுங்காகத்தான் படித்தாள். கடைசிப் பத்து விநாடிக்கு மஞ்சள் விளக்கு எரிந்ததும் பதற்றத்தில் தாளை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசினாள்.

"நாங்க பாடுபட்டு வளர்க்குற பிள்ளைங்க. அந்த லிண்டல் பிள்ளைங்களோட சேர்ந்து எங்க பிள்ளைங்களும் வீணாப் போகணுமா?"

பச்சைச் சட்டைகள் எழுந்து நின்று கைதட்டின. வாரியத்தின் கேமரா எல்லாவற்றையும் நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து வாக்கெடுப்பு நடந்தது. ஓடையே எல்லை என்று முடிவானது. தெருவில் கேக் வெட்டினார்கள். வாயில் கேக்கோடு நடீன் நான்காவது வரைபடத்தைப் பெரிதாக்கினாள், அப்படியே நின்றுவிட்டாள்.

பூங்காவுக்குப் பின்னால் தெரிவது ஓடையின் பாதிதான். வீடுகள் கட்டியபோது மீதியைக் குழாய்க்குள் விட்டுத் தெருவுக்கு அடியில் புதைத்திருந்தார்கள். பன்னிரண்டு வருடமாக அதன்மேல்தான் அவள் காரை ஓட்டிக்கொண்டிருந்தாள். கவுண்டியின் பழைய பதிவேட்டில் இருந்த ஓடையை வாரியம் அப்படியே பிடித்துக்கொண்டது. கர்ட் வீட்டு வரிசை முழுக்க ஆஷ்பிக்கு. எதிர்ப்பக்கம் இருந்தவை மூன்றே வீடுகள், அவை லிண்டலுக்கு. நடுவீடு நடீனுடையது.

"கர்ட், மறுபடி மனு போடணும்."

கர்ட் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மூணு வீட்டுக்காகத் திரும்பக் கிளறினா எல்லாமே கவுந்துடும், நடீன். லிண்டல் ஒண்ணும் அவ்ளோ மோசமில்லைன்னுதான் சொல்றாங்க."

மறுநாள் காலை கர்ட் வீட்டு வரிசையில் ஒரு பலகைகூட இல்லை. நடீன் வாரியத்துக்குத் தனியாக நான்கு கடிதம் எழுதினாள். நன்றி என்று நான்கு பதில் வந்தது.

ஆகஸ்டில் சேர்க்கை நாள். லிண்டலின் தாழ்வாரத் தரை புதிதாக மெருகேற்றிப் பளபளத்தது, எங்கோ டிரம்பெட் ஊதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவள் பயந்துவந்தது எதுவும் அங்கே இல்லை. பதிவு மேஜையில் இருந்த பெண்ணின் கழுத்து அட்டையில் யோலண்டா பிரைஸ் என்று இருந்தது. அவள் நடீனை இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களை எங்கயோ பார்த்திருக்கேனே," என்றவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். முகம் மாறவில்லை. "கூட்டத்துல பேசினீங்க. என் ரெண்டு பிள்ளைங்களும் இங்கதான் படிக்கிறாங்க. வீடியோ பார்த்தாங்க. இங்க எல்லாப் பிள்ளைங்களும் பார்த்துட்டாங்க."

யோலண்டா படிவத்தை டெஸ் பக்கம் நகர்த்தினாள்.

"நீ நல்லா இருப்பே இங்க. பூர்த்தி பண்ணும்மா."

டெஸ் குனிந்து எழுதினாள். பெயர், பிறந்த நாள், முகவரி, அப்பா பெயர். அடுத்த வரியில் பேனா நின்றது. அம்மாவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. யோலண்டாவிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

"அம்மா பேரு கண்டிப்பா எழுதணுமா?"